ஒரு கணக்கு நோட்டைப் பற்றி

1

2019-ஆம் வருஷம் நண்பர் ஒருவர் ஒரு கைப்பிரதியை என்னிடம் கொடுத்து, பத்திரிகைக்கு ஆகுமா என்று கேட்டார். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். 'இது கணக்கு, கவிதை ஆகவில்லை. அனுபவம் இருக்கிறது, உருவம் இல்லை' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்திருந்தேன். அந்த அபிப்பிராயம் தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விமர்சகன் தன் தவறை ஒப்புக்கொள்ளும்போது அதில் ஒரு பெருந்தன்மைப் பாவனையும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு இங்கே இடமில்லை என்பது கட்டுரையின் பிற்பகுதியில் தெரியும்.

நண்பரை நம்மில் பலருக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அப்போது மந்தைவெளியில் வாடகை வீட்டில் இருந்தார். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அவர் கொடுத்தது நாற்பது பக்க நோட்டு. அதில் இருபத்தாறு பக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. ஒரு பக்கத்துக்கு ஒரு கடன். மேலே 'பொருள்' என்று போட்டு அதன் பெயர். கீழே வாங்கிய தெரு, விலை, கடன் எந்த வகை, மாதத் தவணை, முடிய வேண்டிய மாதம். கடைசியில் 'கதி' என்று ஒரு வரி. உஸ்மான் ரோட்டில் வாங்கிய வாஷிங் மெஷின் பதினாலாவது தவணையில் நின்றுவிட்டது; தவணைகள் இருபத்துநாலு. தங்கையின் கல்யாணத்துக்குப் பனகல் பார்க் பக்கம் எடுத்த பட்டுப்புடவைக்குப் பணம் கட்டி முடிவதற்குள் தங்கை பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஒரு பக்கத்தில் 'பொருள்' என்ற இடத்தில் 'அப்பா' என்று இருந்தது. தெரு அடையாறில். 'கதி'க்கு எதிரே ஒரு தேதி மட்டும்.

இதெல்லாம் அப்போதே என் கண்ணில் பட்டது. படாமல் போனது வேறு. பன்னிரண்டாம் பக்கத்தில் 'பொருள்: பக்கம் 7' என்று இருந்தது. அதாவது ஏழாம் பக்கத்துக் கடனை அடைக்க வாங்கிய கடன். பதினாறில் 'பொருள்: பக்கம் 12.' பத்தொன்பதுக்கு மேல் பொருளே கிடையாது, பக்க எண்கள்தான். நோட்டு தன்னைத் தானே வாங்கித் தின்ன ஆரம்பித்திருந்தது. இதைத்தான் நான் உருவம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

2

தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். 'வாசலில் கடன்காரன் நிற்கிறான்' என்றால் கொடுத்தவன். 'அவன் பெரிய கடன்காரன்' என்றால் வாங்கியவன். மயிலாப்பூர் வீடுகளில் அடம் பிடிக்கிற பிள்ளையைத் தாயார் 'கடன்காரா' என்று வைவாள். போன ஜன்மத்துப் பாக்கியை வசூல் பண்ண வந்து பிறந்திருக்கிறான் என்று அதற்கு வியாக்கியானமும் உண்டு. இதை மொழியின் குழப்பமாக நான் நினைக்கவில்லை. இருவரும் ஒரே திண்ணையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்; ஒரு சொல் போதுமாயிருந்தது. கடன் என்பதே கடமைக்கும் சடங்குக்கும் பெயர். நீத்தார் கடன், காலைக்கடன் என்கிறோம். மனசில்லாமல் ஒன்றைச் செய்கிறவன் 'கடனே என்று' செய்கிறான்.

இப்படி இரண்டு முகங்களுக்கு நடுவே இருந்த கடனைத் தமிழ் எழுத்தாளன் நன்றாகவே எழுதியிருக்கிறான். புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையை எடுத்துக்கொள்வோம். முருகதாசர் சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் எழுத்தாளர். கடைக்காரருக்குப் பாக்கி. வந்த நண்பரிடம் மூன்று ரூபாய் கேட்கிறார், கிடைப்பது எட்டணா. திங்கட்கிழமை என்ன செய்வது என்ற கேள்வியைத் திங்கட்கிழமைக்கே தள்ளிவிட்டுக் கதை முடிகிறது. முழுக்கதையும் பேச்சுதான். காப்பி கொடுத்துக்கொண்டே பேச்சு, கேட்கலாமா வேண்டாமா என்று மனசுக்குள் பேச்சு, மனைவியிடம் சால்ஜாப்பு. முருகதாசரின் கடன் பேச்சால் ஆனது. பேச்சால் ஆனது என்பதாலேயே அதைத் தள்ளிப்போட முடிகிறது.

அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' இதற்கு ஒரு படி அப்பால் போகிறது. அங்கே கடன் சினிமாக் கடன். படம் முடியாமல் நொடித்துப்போகிற தயாரிப்பாளர் ரெட்டியார் தியாகியும் இல்லை; பணம் போட்டவர்கள் வில்லன்களும் இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அவர் நாவலின் பார்வையிலிருந்தே விலகிப்போகிறார், அவரைப் பற்றிய பேச்சு மிஞ்சுகிறது. இந்த ஊரில் பணம் முறிவதன் ஓசையின்மையை இதைவிடச் சரியாகப் பிடித்த நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

மற்றபடி நமக்குக் கடன் ஓர் உவமை, அல்லது ஓர் உபதேசம். இலங்கை வேந்தனின் கலக்கத்துக்குக் கடன்பட்டவன் நெஞ்சை உவமை சொல்லும் அடியை மேடைதோறும் கம்பன் தலையில் கட்டுகிறார்கள். கம்பனில் அது கிடையாது. யாருடைய அடியானாலும், அதில் விஷயம் இராவணன்தான், கடன்பட்டவன் இல்லை. உபதேசத்துக்குப் பத்திரிகைக் கதைகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டைப் பார்த்து மனைவி ஆசைப்படுவாள், கணவன் தவணையில் வாங்குவான், கடைசியில் இருவருக்கும் புத்தி வரும். வி.ஜி. பன்னீர்தாஸ் கம்பெனி தவணையில் ரேடியோ விற்ற நாளிலிருந்து, அங்கே விற்பனையாளராக இருந்த வசந்தகுமார் 1978-இல் தியாகராய நகரில் தனிக் கடை போட்டதற்கு அப்புறமும், இந்தக் கதையின் அச்சு மாறவில்லை. மாறியது கடன்.

3

எப்படி மாறியது என்று சொல்ல நான் பொருளாதார நிபுணன் இல்லை. நண்பரின் நோட்டிலிருந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கார்டில் ஒரு லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி மூன்றரை சதவீதம். 3,500 ரூபாய். வட்டிக்கு மேல் 18 சதவீத வரி, 630. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது ஐந்து சதவீதம், அதாவது 5,000. கட்டியாயிற்று. அசலில் குறைவது 870 ரூபாய். அந்த மாதம் அதே கார்டில் மளிகை வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் போவது நியாயமற்ற வாணிபம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடைகள் எழுதி வைத்திருந்த வட்டியில்லாத் தவணையைப் பற்றி, அப்படி ஒன்று உண்மையில் கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சொல்லிவிட்டது. பூஜ்யம் என்பது ஒரு கற்பனைப் பாத்திரம் என்று ஒரு வங்கி நமக்கு விமர்சனம் எழுதியிருக்கிறது!

ஆனால் வட்டி அல்ல என் விஷயம். வட்டியின் கொடுமை பழசு. 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தைப் பார்த்தால், ஆங்கில வாசகத்தின் நடுவே கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருச் சொற்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும். மாடவீதியில் காய்கறிக் கூடையோடு உட்காருகிற அம்மாள் இன்றும் தண்டல்காரனிடம் காலையில் வாங்கி மாலையில் கொடுக்கிறாள். தண்டல்காரனுக்கு முகம் உண்டு. முகம் இருப்பதால் அவன் இரக்கமுள்ளவன் ஆகிவிடவில்லை. பழைய கடனை நான் ஏக்கத்தோடு பார்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திண்ணையில் நடந்த பேச்சில் அவமானம் பாதிக்குப் பாதி.

நான் சொல்வது இதுதான்: தண்டல்காரனுக்குக் காது இருந்தது. 'நாளைக்குத் தருகிறேன்' என்ற வாக்கியத்தை அவனிடம் சொல்ல முடியும். அவன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அடிக்கலாம். ஆனால் வாக்கியம் போய்ச் சேருகிறது. நண்பருடைய தவணை ஐந்தாம் தேதி காலையில் அவர் எழுந்திருப்பதற்கு முன்பே வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும். பணம் இல்லையென்றால் அதற்கு ஒரு அபராதம் விழும். 'திங்கட்கிழமை பார்க்கலாம்' என்று யாரிடம் சொல்வது? ஒரே ஒருமுறை, 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை, தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த ஆறு மாதமும் வட்டி ஓடியது.

சட்டத்துக்கு இந்த மாறுதல் இன்னும் தெரியாது. இந்த ஊர் அறிந்த பெரிய திவால் 1906-இல். அக்டோபர் 22-ஆம் தேதி ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதில் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. குற்றம், தண்டனை, பரிகாரம் மூன்றும் கொண்ட முழுக்கதை. மூன்று வருஷம் கழித்து, 1909-இல், சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்குமாக இன்சால்வென்ஸி சட்டம் வந்தது. 'ஐ.பி. கொடுத்துவிட்டான்', 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்று ஊரில் சொல்வது இந்த வழக்கைத்தான். 'கொடுத்தான்' என்பதைக் கவனிக்க வேண்டும். நொடித்தவனை ஊர் ஒரு காரியம் செய்தவனாகப் பார்த்தது. அந்தக் 'கொடுத்தா'னில் சந்தேகமும் உண்டு, கொஞ்சம் மெச்சுதலும் உண்டு.

அந்தச் சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோல் படித்துப் பார்த்தேன். கடன் கொடுத்தவர்கள் தன்னைச் சந்திக்க முடியாதபடி ஒருவன் வீட்டைவிட்டுப் போனாலோ, ஒளிந்துகொண்டாலோ, அதுவே திவாலுக்கான செய்கை என்கிறது. 500 ரூபாய்க்குக் குறையாத கடன் இருந்தால் கடன்பட்டவனே மனுக் கொடுக்கலாம். சொத்தெல்லாம் அபிஷியல் அசைனி கைக்குப் போகும். அவனுக்கு விடப்படுவது தொழில் கருவிகள், உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான். எல்லாம் சேர்ந்து 300 ரூபாய்க்கு மேற்படாமல். கடைசியில் கோர்ட்டு விடுதலை தரலாம். இது ஒரு வாசலையும் ஒரு மனுஷனையும் ஒரு முடிவையும் மனசில் வைத்து எழுதப்பட்ட பிரதி.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. அதில் தனிநபர்களுக்கான பகுதி 2019 டிசம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது, கம்பெனிக் கடன்களுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். ஏழைகளுக்குப் புதுத் தொடக்கம் தருவதாக அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது: வருஷ வருமானம் 60,000-க்கு மேல் கூடாது, கடன் 35,000-க்கு மேல் கூடாது, சொத்து 20,000-க்கு மேல் கூடாது, சொந்த வீடு கூடாது. அப்படிப்பட்டவனுக்கு யாரும் கார்டு கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த அத்தியாயமும் அமலுக்கு வரவில்லை. ஆக, மந்தைவெளி நண்பருக்கு 1909 தான். அவர் ஹைக்கோர்ட்டு வக்கீல் ஒருவரைப் பார்த்தார். கார்டு பாக்கிக்கெல்லாம் யார் சார் ஐ.பி. கொடுக்கிறார்கள், வங்கியோடு செட்டில்மென்ட் பேசுங்கள் என்றாராம் வக்கீல். பேசினால் பாக்கியில் ஒரு பகுதி தள்ளுபடி ஆகும். 'செட்டில்' ஆனது என்ற குறிப்பு சிபில் அறிக்கையில் ஏறும். 300-க்கும் 900-க்கும் இடையில் ஒரு மூன்றிலக்க எண். இப்போதைய மஞ்சள் கடுதாசி அதுதான். அதை அவன் கொடுப்பதில்லை, அவனுக்குக் கொடுக்கிறார்கள். கோர்ட்டு இல்லை, கெஜட்டில் பெயர் இல்லை, விடுதலை என்று ஒரு நாளும் இல்லை.

4

பேச்சுக்கு இடமில்லை என்று சொன்னேன். ஒரு விதிவிலக்கு உண்டு. கடன்பட்டவனோடு பேசாத கடன் மற்றவர்களோடு பேசும்.

2021 ஜனவரியில் ஒரு பகலில் எனக்குத் தொலைபேசி வந்தது. இளைஞன் குரல், மரியாதையான தமிழ். நண்பரின் பெயரைச் சொல்லி, தெரியுமா சார் என்று கேட்டான். அவர் ஒரு செயலி மூலம் கடன் வாங்கியிருக்கிறார், கட்டவில்லை, உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார் என்றான். நண்பர் கொடுக்கவில்லை, அவர் போனிலிருந்த எண்களையெல்லாம் அந்தச் செயலி எடுத்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்படி எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி செய்தது 2022 செப்டம்பரில்.

'எனக்குப் பழக்கம் இல்லை' என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன் என்று சமாதானப்படுத்திக்கொள்ளலாம். முப்பது வருஷப் பழக்கம். லஸ் முனையில் பஸ் நின்றுபோன ஒரு மழை ராத்திரியில் அவருடன் மந்தைவெளி வரை முழங்கால் தண்ணீரில் நடந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் நாம் கூடினோம். இதைப் படிக்கிறவர்களில் சிலர் அங்கே இருந்தவர்கள். அவரும் வந்தார். எல்லோருக்கும் தொலைபேசி வந்திருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைய விஷயம் நவீன கவிதையில் அந்நியமாதல். இரண்டு மணி நேரம் பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி வந்ததும் குடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போனார். அதன் பிறகு அவர் வரவில்லை.

5

பிறகு ஒருநாள் 'மதாம் பொவாரி'யைத் திரும்பப் படித்தேன். 1857-இல் புத்தகமாக வந்த நாவல். முன்பு படித்தபோது அதை நான் காதலின் நாவலாக, மாகாணச் சலிப்பின் நாவலாகப் படித்திருந்தேன். இந்தத் தடவை ஜவுளி வியாபாரி லெரோவைப் பின்தொடர்ந்து படித்தேன். எம்மாவைக் கொல்வது காதலர்கள் இல்லை. அவள் கையெழுத்திட்ட பத்திரங்கள். பழைய பத்திரத்தைப் புதுப்பிக்கப் புதிய பத்திரம். ஒரு கட்டத்தில் பத்திரம் லெரோவின் கையில்கூட இல்லை. ரூவெனில் இருக்கும் வேன்சார் என்ற பணக்காரனிடம் போய்விட்டது என்று அவன் கையை விரிக்கிறான். கெஞ்சுவதற்கு எதிரே இருந்த முகம் அந்த இடத்தில் மறைகிறது. பிறகு கோர்ட்டு ஆள் வந்து வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதுகிறான். ஃப்ளாபேர் அந்த இடத்தில் எம்மாவுக்காக அழவில்லை. பட்டியலை நடக்க விடுகிறார்.

அதற்கு இருபது வருஷம் முன்னால், 1837-இல், பால்ஸாக் எழுதிய வாசனைத் திரவிய வியாபாரி செசார் பிரோத்தோ, திவாலாகி, கடைசிக் காசுவரை அடைத்து, இழந்த மரியாதையைச் சட்டப்படி திரும்பப் பெற்று, அந்தச் சந்தோஷம் தாங்காமல் சாகிறான். அது வியாபாரியின் கடன். அதற்கு ஒரு முடிவு இருந்தது. எம்மாவின் கடன் வாங்கி உபயோகிக்கிறவளின் கடன். அதற்கு முடிவு இல்லை, பட்டியல்தான். இந்த வித்தியாசத்தை நாவலின் உருவத்திலேயே கண்டுபிடித்தவர் ஃப்ளாபேர். நண்பர் ஃப்ளாபேரைப் படித்தவரா என்று எனக்குத் தெரியாது. அவர் தன் பாஸ்புக்கைப் படித்தவர்.

நண்பரின் நோட்டில் ஒரு உரையாடல்கூட இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை, ஓர் உவமை இல்லை என்பதைத்தான் 2019-இல் குறையாகக் கண்டேன். இன்று அவைதான் அதன் நேர்மை என்று தோன்றுகிறது. பேச முடியாத கடனை உரையாடலாக எழுதினால் அது பொய். ஆசையால் கெட்டான் என்று எழுதினால் அது பத்திரிகைக் கதை. சமூகம் கெடுத்தது என்று எழுதினால் அது மேடை. பொருளின் இடத்தில் பக்க எண் வந்து உட்காருவதைக் காட்டியது ஒன்றுதான் அவருக்கு நடந்ததை அப்படியே சொல்கிற வழி. 'அப்பா' என்ற பக்கத்தை அடைக்க வேறொரு பக்கம், அதை அடைக்க இன்னொன்று. பதினெட்டாம் பக்கம் வரும்போது அப்பா ஓர் எண்ணாகிவிடுகிறார். துக்கம்கூடக் கைமாறிப் போய்விடுகிறது. இதை நாம் எந்தக் கவிதையில் எழுதியிருக்கிறோம்?

ஓர் ஆட்சேபம் வரும். கணக்கெல்லாம் கவிதை என்றால் மளிகைக் கடைச் சிட்டையும் கவிதைதானே என்று கேட்பார்கள். இல்லை. சிட்டை எழுதுகிறவன் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நண்பர் 'கதி' என்று ஒரு வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எந்த வங்கி ஸ்டேட்மென்டிலும் அந்த வரி கிடையாது. நோட்டின் கலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அது கண்ணில் படாதவன் தன்னை விமர்சகன் என்று சொல்லிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

போன மாதம் அவரைத் தேடிப் போனேன். இப்போது தாம்பரத்துக்கு அப்பால் இருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள். தொலைபேசி விஷயத்தை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நோட்டைக் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்தார். இருபத்தாறு பக்கம் முப்பத்தொன்றாகியிருந்தது. என் துண்டுக் காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. அச்சில் கடைகளின் பெயர் வேண்டாம், தெருக்கள் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

நோட்டு இப்போது ஆசிரியரிடம் இருக்கிறது. போடுவதும் போடாததும் அவர் இஷ்டம். அதைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த அபிப்பிராயத்தை இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தொலைபேசியில் சொன்னதை வாபஸ் வாங்க வழியில்லை.